கட்டணத் தாளில் பஸ்ஸுக்கும் ஒரு வரி போடுங்கள்: கொழும்பின் வெளிநாட்டுக் கல்வி முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே ஆலோசகர்களாக வேலை செய்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் மேசையில் உங்கள் தாள் ஒன்று கிடக்கிறது. பளபளப்பான ஃபைல், உள்ளே ஒரு பக்கக் கணக்கு. முதல் வருடக் கட்டணம், முற்பணம், விசாக் கட்டணம், சுகாதாரக் கட்டணம், விமான டிக்கெட், வங்கியில் காட்ட வேண்டிய தொகை, எல்லாவற்றுக்கும் கீழே 'இதர செலவுகள்'. நான் லண்டனில் முதுமாணி படித்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தவள். அதனால் பிள்ளைகள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "அக்கா, இந்த கெம்பஸ் நல்லதா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே தங்கப் போறீங்க, அங்கிருந்து கெம்பஸுக்கு எப்படிப் போவீங்க?" பிள்ளை தகப்பனைப் பார்க்கும். தகப்பன் தாளைப் பார்ப்பார். தாளில் அது இருக்காது.

கல்லூரிகளிடமிருந்து உங்களுக்குக் கமிஷன் வருகிறது என்பது ஊரறிந்த விடயம். வரட்டும், உழைப்புக்குக் கூலி. விசாப் பத்திரங்களை ஒழுங்காக அடுக்கி அனுப்புவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை அங்கே போய் ஒவ்வொரு நாளும் எத்தனை மணித்தியாலம் ரயிலிலும் பஸ்ஸிலும் கழிக்கும், அதற்கு எவ்வளவு காசு போகும் என்பதெல்லாம் அங்கே போன பிறகு தீர்மானமாகிற காரியம் போல நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். உண்மையில் அது தீர்மானமாவது உங்கள் மேசையில். கல்லூரியின் பெயரை நிரப்புகிற அந்த நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது.

பிரித்தானியாவையே எடுத்துக்கொள்வோம், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான். மாணவர் விசாவுக்காக வங்கியில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு, லண்டனில் படிப்பவருக்கு ஒரு தொகை, லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு அதைவிடக் குறைந்த தொகை. அதிகபட்சம் 9 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் அந்த வித்தியாசம் எங்கள் குடும்பங்களுக்குச் சின்னக் காசில்லை. கல்லூரிக் கட்டணமும் வெளியூர்களில் பெரும்பாலும் குறைவு. ஆகவே 'லண்டனுக்கு மிக அருகில்' என்று ஒரு நகரத்தைக் காட்டுகிறீர்கள். தாய் தகப்பனுக்கும் நிம்மதி, ஏனென்றால் லண்டனில் யாராவது ஒரு சித்தி, ஒரு மாமா இருப்பார். ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட், ஹரோ, டூட்டிங் என்று எங்கள் ஆட்கள் இல்லாத இடமா? பிள்ளை லண்டனில் தங்கி அந்த நகரத்தில் படிக்கும், வாடகை மிச்சம் என்று கணக்கு முடிகிறது. விசா அதிகாரி பார்ப்பது படிக்கிற இடத்தை. பிள்ளையின் பை காலியாவது தங்குகிற இடத்துக்கும் படிக்கிற இடத்துக்கும் நடுவில். அந்த நடுவைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் ஒழுங்கையிலிருந்து போன ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன். உங்களில் ஒருவர் பார்த்துக் கொடுத்த இடம், லண்டனுக்கு வடமேற்கே ஒரு நகரம். 'யூஸ்டனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்' என்று எழுதியிருந்தது. பொய் இல்லை, யூஸ்டன் ஸ்டேஷனுக்குள் அவளுக்கு வீடு இருந்திருந்தால். அவள் இருந்தது இல்ஃபர்டில், சின்னம்மா வீட்டில். வீட்டிலிருந்து இல்ஃபர்ட் ஸ்டேஷனுக்கு நடை. எலிசபெத் லைன் ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட். அங்கே இறங்கி நிலத்தடி ரயிலில் யூஸ்டன் ஸ்கொயர். மேலே ஏறி யூஸ்டனுக்கு நடை. பிறகு வெளியூர் ரயில். அந்த நகரத்தில் இறங்கினால் கெம்பஸ் பஸ்ஸுக்கு வரிசை. 9 மணி வகுப்புக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கும்போது இருட்டு. திரும்பி வரும்போதும் இருட்டு, டிசம்பரில் அங்கே பின்னேரம் 4 மணிக்கே சூரியன் போய்விடும்.

காசு எப்படிப் போனது என்பதையும் கேளுங்கள். அங்கே ரயில் டிக்கெட்டுக்கு நேரத்தைப் பொறுத்து விலை. காலையில் வேலைக்குப் போகிற கூட்டத்தோடு போனால் ஆகக்கூடிய விலை, 9 மணி வகுப்புக்காரருக்கு வேறு வழி இல்லை. முன்கூட்டியே வாங்கினால் மலிவு டிக்கெட் கிடைக்கும், ஆனால் அது எழுதியிருக்கிற அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். வகுப்பு நீண்டு அந்த ரயிலைத் தவறவிட்டால் புது டிக்கெட். விரிவுரையாளர் "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்கிற நேரத்தில் இவள் பையின் ஸிப்பை இழுத்துக்கொண்டிருப்பாள். படிக்கப் போன பிள்ளை கேள்வி கேட்கிற நேரத்தில் ஓடுகிறது என்றால், அந்தப் பட்டத்துக்குக் கட்டிய காசில் எவ்வளவு வீண் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

வருகையும் சும்மா இல்லை. விசாவுக்கு அனுசரணை தருகிற கல்லூரி, பிள்ளை ஒழுங்காக வகுப்புக்கு வருகிறதா என்று கண்காணித்து, வராவிட்டால் அரசாங்கத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது. ரயில் ஊழியர் வேலைநிறுத்தம், சமிக்ஞைக் கோளாறு, தண்டவாளத் திருத்த வேலை என்று அங்கேயும் ரயில் வராத நாட்கள் உண்டு. பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு கதை. 3 தடவை வாகனம் மாறி வருகிற பிள்ளைக்கு அது வருகைப் பதிவேட்டில் ஒரு ஓட்டை. கடைசியில் அவள் வருட நடுவில் கெம்பஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்தாள். சின்னம்மா வீட்டில் மிச்சம் பிடித்த வாடகை அதற்குள் ரயில் கம்பனிக்குப் போயிருந்தது.

சரி, மாணவர் சலுகை இருக்கிறதே என்பீர்கள். "அங்கே ஸ்டூடண்ட் டிஸ்கவுன்ட் கிடைக்கும்" என்று வாயால் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். எந்த டிஸ்கவுன்ட், யாருக்கு என்று சொல்ல வேண்டாமா?

ஒய்ஸ்டர் என்பது லண்டன் பஸ்ஸிலும் ரயிலிலும் பாவிக்கிற பயண அட்டை, அதில் 18 வயதுக்கு மேற்பட்ட மாணவருக்குப் புகைப்பட அட்டை ஒன்று உண்டு. வாராந்த, மாதாந்தப் பயணச் சீட்டுகளில் 30 வீதம் கழிவு. ஆனால் 2 நிபந்தனை. பிள்ளை லண்டன் மாநகர எல்லைக்குள் வசிக்க வேண்டும், படிக்கிற கல்லூரியும் அந்தத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, சீட்டு எடுக்காமல் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக அட்டையை இயந்திரத்தில் தட்டிக் காசு கட்டிப் போகிறவருக்கு அந்த 30 வீதம் கிடையாது. கிழமைக்கு 2 நாள் மட்டும் வகுப்பு இருக்கிற முதுமாணி மாணவருக்கு மாதச் சீட்டு எடுத்துக் கட்டுப்படியாகாது. அவருக்குத் தோதானது 16-25 ரயில் அட்டை. ஸ்டேஷன் ஊழியரிடம் காட்டி அதை ஒய்ஸ்டரோடு இணைத்துக்கொண்டால், நெரிசல் இல்லாத நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பெயரில் 25 என்று இருப்பதால் எங்கள் ஆட்கள் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். முழுநேர மாணவர் என்றால் 26க்கு மேலேயும் எடுக்கலாம். வங்கியில் சில வருடம் வேலை செய்துவிட்டு முதுமாணிக்குப் போகிறவர்கள்தானே உங்களிடம் அதிகம் வருகிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொன்னீர்கள்? அந்த அட்டைக்கும், கிழமை நாட்களில் காலை 10 மணிக்கு முன்னால் ஏறுகிற ரயில் டிக்கெட்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு விதி இருக்கிறது, ஜூலை ஆகஸ்ட் தவிர. வெளியூரிலிருந்து ஓடுகிற பிள்ளைக்கு அடி விழுவது அங்கேதான்.

பஸ் மட்டும் ஓரளவு ஏழைக்கு இரங்கும். லண்டன் பஸ் கட்டணம் 2023 மார்ச்சில் 1.75 பவுண் ஆனது. ஒரு தடவை தட்டினால் அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மேலதிகக் கட்டணம் இல்லை. ஈஸ்ட்ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நோர்த் வழியாக 101ஆம் இலக்க பஸ் ஒன்று ஓடுகிறது. மொரட்டுவை 101இல் தொங்கிப் பழகியவர்களுக்கு முதல் நாள் அதைக் கண்டதும் ஒரு சந்தோஷம் வரும், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு பயணத்துக்கு உச்சக் கட்டணம் 2023 ஜனவரியிலிருந்து 2 பவுணாக இருந்தது, 2025 ஜனவரியில் 3 பவுண் ஆக்கினார்கள். ஸ்கொட்லாந்தில் வசிக்கிற 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2022 ஜனவரி 31இலிருந்து பஸ் இலவசம். ஏ.எல். முடித்த கையோடு போகிற பிள்ளைக்கு 19 வயது. கிளாஸ்கோவையும் லண்டனையும் ஒரே தாளில் போட்டு ஒப்பிடும்போது இது ஒரு வரியாக வந்திருக்க வேண்டாமா?

அடுத்தது வேலை. 'பகுதிநேர வேலை செய்யலாம்' என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். பட்டப் படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்பதையும் சொல்கிறீர்கள், நல்லது. அந்த 20 மணித்தியாலம் எந்த நேரத்தில் கிடைக்கும் என்று சொல்வதில்லை. புதிதாகப் போகிற பிள்ளைக்கு வாய்ப்பது விடிகாலையில் அலுவலகம் துப்புரவாக்குவது, இரவில் சூப்பர்மார்க்கெட் தட்டுகளில் சாமான் அடுக்குவது, முதியோர் இல்லத்தில் இரவுக் கடமை. நிலத்தடி ரயில் இரவு முழுக்க ஓடுவது வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் 5 பாதைகளில். மற்ற இரவுகளில் இரவு பஸ்தான். அந்த பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்த பிள்ளை 2 மணிக்குப் படுக்கும். மற்றப் பிள்ளை 3 மணிக்கும் ஒரு பூங்கா ஓரமாக நடந்துகொண்டிருக்கும். பெண் பிள்ளையின் தாய் "பாதுகாப்பா?" என்று கேட்டால், "அது வெளிநாடுதானே அன்ரி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். இறங்குகிற தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிட நடை என்று சொல்லுங்கள், அவருக்கு அது போதும்.

டிசம்பர் 25 பற்றி ஒருவரும் சொல்லாதது எனக்கு இன்னும் ஆச்சரியம். அன்றைக்கு லண்டனில் நிலத்தடி ரயில் இல்லை, பஸ் இல்லை, வெளியூர் ரயில் இல்லை. முழு நகரமும் அப்படியே நின்றுவிடும். முதியோர் இல்லத்துக்கு மட்டும் விடுமுறை கிடையாது. என்னோடு ஒரே வீட்டில் இருந்த தம்பி ஒருவனுக்கு அன்று காலைக் கடமை போட்டிருந்தார்கள், கூடுதல் சம்பளம் என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். பஸ் இல்லை என்று முதல் நாள் இரவுதான் தெரியும். டாக்ஸிக்குக் கேட்ட காசு கூடுதல் சம்பளத்தை விழுங்கிவிடும். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஸ்ட்ராட்ஃபர்டைத் தாண்டி நடந்தே போனான். சீருடைக்கு மேலே 2 ஸ்வெட்டர், காதுக்குத் துவாய். போய்ச் சேர்ந்ததும் அங்கே இருந்த ஒரு கிழவி அவனுக்குத்தான் முதல் தேநீர் ஊற்றச் சொன்னாராம். நல்ல கதைதான், ஆனால் நவம்பரிலேயே தெரிந்திருந்தால் அவன் கூட வேலை செய்கிறவர்களின் காரில் ஒரு இடம் கேட்டு வைத்திருப்பான்.

அபராதத்தையும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். டி.எல்.ஆர். என்கிற கிழக்கு லண்டன் இலகு ரயிலின் ஸ்டேஷன்கள் பலவற்றில் கதவே கிடையாது, தட்டாமல் நடந்து போய்விடலாம், உச்சக் கட்டணத்தை எடுத்துக்கொள்வார்கள். காலையில் வங்கி அட்டையால் தட்டிவிட்டு மாலையில் கைத்தொலைபேசியால் தட்டினால், ஒரே கணக்கில் காசு போனாலும், இயந்திரத்துக்கு அவர் 2 ஆட்கள், ஒரு நாளைக்கு இதற்கு மேல் எடுப்பதில்லை என்கிற உச்ச வரம்புக்கு இரண்டும் ஒன்றாகச் சேராது. இலங்கை வங்கி அட்டையால் தட்டினால் வெளிநாட்டுக் கொடுப்பனவுக் கட்டணமும் சேரலாம். இதெல்லாம் சில்லறை. பாரமான விடயம் வேறு: அண்ணனின் மாணவர் அட்டையைத் தம்பி பாவிப்பது. எங்கள் வீடுகளில் இதை யாரும் பிழையாகவே நினைப்பதில்லை. அங்கே அட்டையைப் பறித்துவிடுவார்கள். லண்டன் போக்குவரத்துச் சேவைகளில் அபராதம் 2024 மார்ச்சிலிருந்து 100 பவுண், 21 நாளுக்குள் கட்டினால் பாதி. வழக்காகி நீதிமன்றம் போனால் அடுத்த விசா விண்ணப்பத்தில் குற்றம் பற்றிய கேள்விக்கு 'ஆம்' போட வேண்டி வரும். நீங்கள் அடுக்கிக் கொடுத்த பத்திரங்கள் எல்லாவற்றையும் அந்த ஒரு 'ஆம்' சாய்த்துவிடும்.

மற்ற நாடுகளை நான் வாழ்ந்து பார்க்கவில்லை, உறவுகளும் கூட்டாளிகளும் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியா என்று ஒரே பெயரில் விற்கிறீர்கள். சிட்னியில் சொந்தக் காசில் படிக்கிற வெளிநாட்டு மாணவருக்கு அங்கத்தைய பயண அட்டையான ஓபலில் மாணவர் சலுகை கிடையாது. பிரிஸ்பேனில் 2024 ஆகஸ்ட் 5இலிருந்து எல்லோருக்கும் ஒரு பயணம் 50 சதம், பிறகு அதை நிரந்தரமாக்கினார்கள். ஒரே நாடு, ஒரே விசா, கல்லூரிக்குப் போய் வருகிற செலவு மலைக்கும் மடுவுக்கும். கனடாவின் வன்கூவரில் யூ-பாஸ் என்கிற மாணவர் பயணச் சீட்டுத் திட்டத்தில் இருக்கிற கல்லூரி என்றால் பஸ்ஸும் ரயிலும் மாணவர் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். தனியார் கல்லூரிகள் பல அந்தத் திட்டத்தில் இல்லை. ஜெர்மனியில் நாடு முழுக்க உள்ளூர் ரயிலும் பஸ்ஸும் ஓடுகிற டொய்ச்லாண்ட் டிக்கெட்டில் மாணவர் பதிப்பு உண்டு, வழமையான விலையில் 60 வீதம், கல்லூரி அதில் சேர்ந்திருந்தால்.

கனடாவில் எங்கள் ஆட்களின் தலைநகரம் டொரொன்டோவின் ஸ்காபரோ. பிள்ளைக்கு இடம் கிடைப்பதோ மிஸிஸாகாவில், ஒஷாவாவில், பிரம்டனில். ஸ்காபரோவுக்குள் ஓடிய 3ஆம் பாதை ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு மூடப்பட்டு, அதற்குப் பதிலாக பஸ்தான் ஓடுகிறது. ஒரு நல்ல செய்தி, 2024 பெப்ரவரி 26இலிருந்து டொரொன்டோ பஸ்ஸிலிருந்து பக்கத்து நகர பஸ்ஸுக்கு மாறும்போது இரட்டைக் கட்டணம் இல்லை. காசு குறைந்தது, நேரம் குறையவில்லை. பனிக்காலத்தில் பஸ் தரிப்பிடத்தில் நிற்பதைப் பற்றி என் மச்சாள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

எங்கள் பிள்ளைகளுக்கு பஸ் தெரியாதென்று யாரும் நினைக்க வேண்டாம். மஹரகமவிலிருந்து 138இல் நசுங்கி வந்து டியூஷனுக்குப் போனவர்கள், 155இல் பாதி உடம்பு வெளியே தொங்கப் பரீட்சைக்குப் போனவர்கள். அவர்களுடைய கெட்டித்தனம் ஆட்களைக் கேட்டு நடப்பதில் இருக்கிறது. கொண்டக்டரிடம் சொல்லி வைத்தால் இடம் வந்ததும் இறக்கிவிடுவார். மிச்சக் காசை மறந்தாலும் பக்கத்தில் நிற்கிற அம்மா ஞாபகப்படுத்துவார். லண்டன் பஸ்ஸில் கொண்டக்டர் கிடையாது. 2014 ஜூலையிலிருந்து காசும் வாங்குவதில்லை. சாரதி கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். பரவாயில்லை, இதெல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடும், பிள்ளைகள் எங்களைவிடச் சூரர்கள். பழக முடியாதது தூரம். கல்லூரியை 60 மைல் தள்ளி எடுத்துக் கொடுத்துவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையும் அதைக் கிட்ட இழுத்துவிடாது.

ஆகவே நான் கேட்பது இது. கல்லூரியின் பெயரைச் சொல்ல முன்னர், "அங்கே யார் வீட்டில் தங்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த வீட்டுத் தபால் குறியீட்டையும் கெம்பஸ் தபால் குறியீட்டையும் பயணத் திட்டச் செயலியில் போடுங்கள். ஞாயிறு பகலுக்குப் போடாதீர்கள், செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரிப் போடுங்கள். பிறகு இரவு 11 மணிக்குத் திரும்பி வருகிற மாதிரியும் போடுங்கள். வருகிற மணித்தியாலத்தையும், எத்தனை தடவை மாற வேண்டும் என்பதையும், மாதக் காசையும் 'இதர செலவுகள்' என்ற அந்த மூலையிலிருந்து எடுத்து, வாடகைக்குப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். எந்தச் சலுகை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் அதிலேயே எழுதலாம். 10 நிமிட வேலை. சில கல்லூரிகளின் பெயர் அந்த வரிக்குப் பிறகு விலைபோகாது என்பதும் எனக்குத் தெரியும். தூரம் தெரிந்தும் ஒரு குடும்பம் அதைத் தேர்ந்தெடுத்தால் அது அவர்கள் முடிவு, உங்களையும் யாரும் பிறகு வந்து கேட்க முடியாது.

தாய் தகப்பன்மார் இதைப் படித்தால், உறவினர் வீடு என்பதற்காக மட்டும் பிள்ளையைத் தூரத்தில் தங்க வைக்காதீர்கள். சித்தி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். சனி ஞாயிறில் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

அடுத்த கல்விக் கண்காட்சிக்கு எங்கள் தொடர்மாடியிலிருந்து சில குடும்பங்கள் வருகின்றன, நானும் கூட வருகிறேன். ஒவ்வொரு மேசையிலும் நாங்கள் கேட்கப் போகிற முதல் கேள்வி கட்டணம் பற்றியதாக இருக்காது. வீட்டிலிருந்து வகுப்பறை வரைக்கும் எழுதிக் காட்டுகிற மேசையில் உட்காருவோம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய மாணவி